பட்டியலில் ஏறாத கையேடு

வெள்ளிக்கிழமை மதியம், தலைநகர் அசுன்சியோனில் அந்தச் சின்னக் கூட்டுறவு அலுவலகத்தில் எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் சுனில்தா புதிய மென்பொருள் பொதியைக் கட்டி முடித்தாள். இசிரி என்பது அந்த மென்பொருளின் பெயர். ஆற்றங்கரை ஊர்களில் கரைக்கு உள்பக்கம் தேங்கும் மழைநீரை வாரி ஆற்றுக்குள் தள்ளும் பம்பு நிலையங்களை அதுதான் ஓட்டியது. நிலையங்களில் இருந்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ். சுனில்தா இங்கிருந்து ஒரு பொதியை வெளியிட்டால் அவை தாமாகவே இழுத்துத் தமக்குள் நிறுவிக்கொள்ளும்.

வெளியிடும் முன் தன் கம்ப்யூட்டரில் ஒரு தடவை நிறுவிப் பார்ப்பது அவள் வழக்கம். நின்றபடியே பொத்தானை அழுத்தினாள். எழுத்துகள் ஓடின. கடைசியில் ஒரு வரி நின்றது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கையேடு பதிவாகிவிட்டது, இரண்டாவதைச் சேர்க்கவில்லை என்றது அது.

கையேட்டைப் பொதிக்குள் வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவுச் சீட்டு எழுதிக் கூடவே அனுப்பவேண்டும். கையேட்டின் அடையாளப் பெயர், தலைப்பு, எழுதியவர், எந்த வகையில் சேர்ப்பது, கோப்பு எங்கே கிடக்கிறது, அவ்வளவுதான் சீட்டு. நிறுவும்போது கம்ப்யூட்டர் அதைப் படித்து உதவிப் பட்டியலில் ஏற்றிக்கொள்ளும். சீட்டு ஏறாவிட்டால் கையேடு வட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்தத் தடவை பொதியில் இரண்டு கையேடுகள். ஒன்று சுனில்தா ஸ்பானிஷில் எழுதியது, திரையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்வது. மற்றது ஊர்க்காரர்கள் வீட்டில் பேசும் குவரானி மொழியில் புதிதாக வந்தது. இந்த வருடம் மாற்றிய புதிய பம்புகளைக் கையால் எப்படி இயக்குவது என்று சொல்வது. அதை எழுதியவள் புவெர்த்தோ இசப்பியில் வானொலி அறிவிப்பாளராக இருக்கும் செல்சா. பம்பு பொருத்த வந்த பிரேசில்காரருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் மொழிபெயர்த்துச் சொன்னவள் அவள்தான். சொன்னதையெல்லாம் உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டாள். பதிவுச் சீட்டை மட்டும் சுனில்தாவுடையதைப் பார்த்து நகலெடுத்திருக்கிறாள். தலைப்பை மாற்றியவள் அடையாளப் பெயரை மாற்ற மறந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் முதலில் வந்தவருக்குத்தானே நாற்காலி.

ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் பிறர் எழுதி அனுப்பிய கோப்பில் அவர்களைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று கூட்டுறவில் ஒரு விதி உண்டு. அந்த விதியை வற்புறுத்திக் கொண்டுவந்ததே சுனில்தாதான். அப்படியானால் செல்சாவுக்குப் போன் செய்யவேண்டும்.

செல்சா அவளுடைய நாத்தனாராக இருந்தவள். செல்சாவின் அண்ணன் அர்செனியோவைக் கட்டிக்கொண்டு சுனில்தா புவெர்த்தோ இசப்பியில் குடித்தனம் நடத்தி, பிறகு விட்டுவிட்டு வந்தவள். பிரிந்தபோது செல்சா உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், அவளுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது, எந்த வீட்டிலும் நிற்கமாட்டாள் என்று சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. அர்செனியோ வேலை தேடி புவெனோஸ் ஐரெஸுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவன்மேல் இருந்த வருத்தம் எப்போதோ ஆறிப்போனது. செல்சாவின் அந்தச் சொல் மட்டும் ஆறவில்லை. குவரானிக் கையேடு வேண்டும் என்று கூட்டுறவு முடிவெடுத்தபோதுகூட, தலைவர் ஓஸ்மார்தான் நடுவில் நின்று மின்னஞ்சல்களை வாங்கியும் கொடுத்தும் வேலையை முடித்தார்.

போனைக் கையில் எடுத்தாள். ஜன்னல்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். ஓஸ்மார் கதவருகே சாவியோடு காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மாட்டிக்கிச்சா?"

"இல்ல. நிறுவறதுல ஒண்ணும் பிரச்சினையில்ல. ஒரு கையேடு மட்டும் பட்டியல்ல ஏறல."

"கையேட்டை யாரு படிக்கிறா சுனி? எல்லாம் உடைஞ்சதுக்கப்புறம்தான் தேடுவாங்க. திங்கக்கிழமை பாத்துக்கலாம், வா."

மழைக்கு முன்னால் புதிய பொதி ஊர்களுக்குப் போயாக வேண்டும். வெளியிட்டாள். போனைப் பைக்குள் போட்டாள். படியிறங்கும்போதே மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை முழுக்க அவளால் ஒரு காரியம் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. துணி துவைக்க எடுத்து வாளியிலேயே ஊறவிட்டாள். குடிக்கக் குளிர்ந்த தெரெரே கலந்தாள், இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு எங்கே வைத்தோம் என்று மறந்தாள். தெற்கே பெருமழை என்று வானொலி சொன்னது. நியெம்புக்கு மாவட்டத்தில் ஆறு ஏற்கெனவே கரை முட்ட ஓடுகிறது என்றது. புவெர்த்தோ இசப்பியின் கரையை அவள் அறிவாள். கல்யாணமான புதிதில் மாலை வேளைகளில் அதன்மேல்தான் நடப்பாள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அதைவிடப் பள்ளத்தில் வீடுகள். பம்பு நின்றால் அந்த வீடுகள் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற மாதிரிதான்.

காலை பதினோரு மணி வாக்கில் பொறுக்கமாட்டாமல் கம்ப்யூட்டரைத் திறந்து சீட்டில் இருந்த பெயரை மாற்றினாள். மாற்றியதை வெளியிடாமல், செல்சாவுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். உன் கையேட்டின் அடையாளப் பெயர் என்னுடையதோடு மோதுகிறது, மாற்றட்டுமா. அவ்வளவுதான். எழுதி, அழித்து, அன்புள்ள என்று சேர்த்து, அதையும் அழித்து அனுப்பினாள்.

பதில் வரவில்லை. சாயந்திரம்வரை பார்த்துவிட்டு, விதியாவது ஒன்றாவது என்று வெளியிட்டுவிட்டாள். பொதியை வாங்கிக்கொண்டோம் என்று மற்ற ஊர்களின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சேதி அனுப்பின. புவெர்த்தோ இசப்பி மட்டும் வாய் திறக்கவில்லை. அங்கே மழை தொடங்கி, இணையக் கோபுரத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. அந்த ஊரின் கம்ப்யூட்டருக்குள் இருப்பது வெள்ளிக்கிழமைப் பொதி. அந்தக் கையேடு வேண்டியதே அந்த ஊருக்குத்தான்.

பம்பு நிலையத்தில் வேலை பார்க்கும் டெர்லிஸை ஒரு வழியாகப் போனில் பிடித்தாள். அந்த வேலைக்கு வந்து சில மாதங்களே ஆனவன், நல்லவன், எதற்கும் பதறாதவன். பம்பெல்லாம் ஓடுகிறது, திரையில் எல்லாம் பச்சை, கவலைப்படாதீர்கள் என்றான். கையேடு பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

ஞாயிறு காலை, திருத்திய பொதியை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள்.

*

சான் ஹுவானைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னும் பல லாரிகள். பாலத்துக்கு இந்தப் பக்கம் சாலையின் மேல் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்க்கவே சுனில்தாவுக்கு ஆத்திரமாக இருந்தது.

நடைபாதையில் முன்னும் பின்னுமாக நடந்தாள். கடைசி இருக்கைவரை போய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், மறுபடி முன்னே வந்து பார்ப்பாள். இரண்டு பக்கமும் ஒரே மழைதான் பெய்தது. தலையில் கூடையோடு சிப்பா ரொட்டி விற்கிற ஒருத்தி ஏறினாள். பஸ் நின்றால் அவளுக்கு நல்ல வியாபாரம். சூடான சோம்பு வாசனை பரவியது. சுனில்தா குறுக்கே குறுக்கே வந்ததில் அவளுக்கு வழி கிடைக்கவில்லை.

"நீங்க நடந்தா பஸ் நகராது தாயி. உக்காந்து ஒண்ணு சாப்பிடுங்க."

"எப்ப வழி விடுவாங்க?"

"தண்ணியத்தான் கேக்கணும். என் கொழுந்தன் நேத்து சாயங்காலத்துலேருந்து அந்தப் பக்கம் நிக்கிறான். அவன் பொண்டாட்டி நிம்மதியா தூங்கினாளாம்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். சுனில்தா ஒரு சிப்பா வாங்கினாள். பிட்டு வாயில் வைக்குமுன் போன் அடித்தது. திரையில் 'அர்செனியோ தங்கை' என்று வந்தது. அந்தப் பெயரை மாற்றவோ அழிக்கவோ அவளுக்கு என்றைக்கும் தோன்றியதில்லை.

"எங்க புத்தகத்த எடுத்துட்டியா?" செல்சாவின் குரல் வானொலியில் கேட்பது போல இல்லை, கரகரத்தது. பின்னால் ஏதோ உறுமியது. "ஊர் முழுக்க ரேடியோல சொல்லி வெச்சிருக்கேன். நம்ம பாஷைல புத்தகம் வந்துடுச்சு, பம்பு ஹவுஸ்ல கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளயே இருக்குன்னு. இங்க உதவின்னு அழுத்தினா உன்னோடது ஒண்ணுதான் வருது."

"எடுக்கல. உள்ளதான் இருக்கு. பட்டியல்ல ஏறல. செல்சா, என்ன ஆச்சு அங்க?"

நடந்ததைச் செல்சா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். மழையில் ஆகாயத்தாமரை அடித்துக்கொண்டு வந்து தொட்டிக்குள் நீர்மட்டம் காட்டும் மிதவையைச் சுற்றிக்கொண்டது. மிதவை சொல்வதைக் கேட்டுத்தான் இசிரி பம்பை ஓட்டும். மிதவை உளறியதும் அது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையால் இயக்கவும், கையேட்டைப் பார்க்கவும் என்று சிவப்பில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டது. டெர்லிஸுக்குப் பழைய பம்பு தெரியும். புதியதற்கு வரிசையே வேறு. பழைய வரிசையில் தொட்டால் பம்பு உடைந்துபோகும் என்று பிரேசில்காரர் சொல்லிவிட்டுப் போனது மட்டும் அவனுக்கு நினைவிருந்தது. ஆளனுப்பிச் செல்சாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"நீதான எழுதின," என்றாள் சுனில்தா.

"எழுதிட்டா மனசுல நிக்குமா? நீ எழுதின எல்லாம் உனக்கு மனப்பாடமா? என் காப்பி ரேடியோ ஸ்டேஷன்ல இருக்கு, அங்க கரண்ட் இல்ல. இங்க ஜெனரேட்டர் இருக்கறதாலதான் இந்தப் பெட்டியே ஓடுது. சீக்கிரம் சொல்லு, கீழத் தெருவுல தண்ணி ஏறுது."

அந்தக் கையேட்டைச் சுனில்தா படித்திருந்தாள். பொதியில் சேர்க்கும்போது ஒரு தடவை, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று. முதலில் ஆற்றுப் பக்கத்துக் கதவு, அப்புறம் காற்றை வெளியேற்றும் திருகு, அப்புறம்...

"முதல்ல கதவு," என்று ஆரம்பித்தாள். போன் ஊமையானது.

மழை என்றும் பாராமல் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினாள். சாலையோரம் ஒரு மேடு தெரிந்தது. அதில் ஏறினால் இணைப்பு கிடைக்குமோ என்னவோ. செம்மண் வழுக்கியது. ஒரு கையில் போன், ஒரு கையில் சிப்பா. மேட்டின் உச்சியில் நின்று முந்தானையால் மூடுவது போல மேல்சட்டை நுனியால் போனை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்தினாள். அழுத்தும்போதே யோசித்தாள். இணைப்பு கிடைத்தால் சில நொடிகளுக்குத்தான் நிற்கும். அதற்குள் என்ன சொல்வது? வரிசையைச் சொல்லத் தொடங்கினால் மறுபடி பாதியில் அறுந்துபோகும். பாதி வரிசை தெரிந்தவன் ஒன்றுமே தெரியாதவனைவிட மோசமாகப் பம்பை உடைப்பான். தவிரவும் தனக்கு மூன்றாவது படி சரியாக நினைவில்லை என்பதை அந்த மேட்டில் நின்றபோதுதான் அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். கையேடு அங்கேயே இருக்கிறது. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில், அந்தப் பெட்டிக்குள். வழி சொன்னால் போதும். பிறகு போன் செத்தாலும் புத்தகம் சாகாது.

மணி அடித்தது. செல்சா எடுத்தாள்.

"எதுவும் கேக்காத, எழுதிக்க. உதவியை மூடு. வலைப் பக்கம் பாக்கறது இருக்கில்ல, அதைத் திற. மேல முகவரி அடிக்கிற பட்டை. அதுல என்ன இருந்தாலும் அழி."

"அழிச்சாச்சு."

"சாய்கோடு. யூ எஸ் ஆர். சாய்கோடு. ஷேர். சாய்கோடு. டாக். எல்லாம் சின்ன எழுத்து."

செல்சா ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாங்கி டெர்லிஸிடம் சொன்னாள். அவன் ஒற்றை விரலால் தட்டுவது சுனில்தாவுக்குக் கேட்பது போல இருந்தது.

"சாய்கோடு. இசிரி. தட்டு. என்ன வருது?"

"ஏதோ வரிவரியா வருது. எழுத்து எழுத்தா."

"அதுல ஜி, என்னு ரெண்டு எழுத்து மட்டும் இருக்கும். குவரானிக்கு அதான் அடையாளம். அதுக்குள்ள போ. உள்ள..."

இணைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனை அழுத்தியும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போனின் உயிரும் போனது. சிப்பா கையிலேயே கரைந்து கூழாகியிருந்தது. அதை வீசிவிட்டுக் கையைப் புல்லில் துடைத்தாள். உள்ளே போனார்களா, கோப்பைத் திறந்தார்களா, திறந்தால் சரியாக வந்ததா, ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்குத் திரும்பியவள் உட்காரவில்லை. ஈரத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் துண்டு கொடுத்தார், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அர்செனியோவோடு வாழ்ந்த வீட்டில் இப்போது செல்சா இருக்கிறாள். அது கீழத் தெருவில், கரையை ஒட்டினாற்போல. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கரையின் புல் தெரியும். அந்த ஜன்னல்தான் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

வழி விட்டபோது இருட்டிவிட்டது. பஸ் தண்ணீருக்குள் நத்தை மாதிரி ஊர்ந்தது.

*

மறுநாள் காலை, மழை தூறலாகக் குறைந்திருந்த நேரத்தில் அவள் புவெர்த்தோ இசப்பியில் இறங்கினாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து பம்பு நிலையம்வரை முழங்கால் தண்ணீரில் நடந்தாள். பம்பு ஓடும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

உள்ளே டெர்லிஸ் தகர டப்பாவில் மாத்தே இலைத் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். செல்சா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி சேறாக இருந்தது. சுனில்தா நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டெர்லிஸ்தான் முதலில் பேசினான்.

"கதவக் கேளுங்க முதல்ல. செல்சா அக்காவோட கதவ."

"வாய மூடுடா," என்றாள் செல்சா.

அவன் மூடவில்லை. போன் அறுந்த பிறகு அந்த இரண்டெழுத்துக் கோப்புறைக்குள் போய், அதிலிருந்த ஒரே பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். செல்சாவின் குவரானி திரை முழுக்க வந்தது. அவள் உரக்க வாசித்தாள்: முதலில் கதவை இறுக மூடவும், மூடிய பிறகே வேறு எதையும் தொடவும். குவரானியில் வீட்டுக் கதவுக்கும் ஆற்று மதகின் கதவுக்கும் ஒரே சொல். ஊரில் எல்லோரும் மதகை ஸ்பானிஷ் பெயரிலேயே சொல்லிப் பழகியவர்கள், நல்ல குவரானியில் எழுதவேண்டும் என்று செல்சா தேடிப்பிடித்துப் போட்ட சொல் அது. மழை வாசல் வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்த நேரம். டெர்லிஸ் ஓடிப்போய்ப் பம்பு நிலையத்தின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஒரு மேசையையும் இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டான்.

"ஜெனரேட்டர் கெடாம இருக்கத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்," என்றான். "அடுத்தது காத்து வெளியேத்தற திருகுன்னாங்க. திறந்தேன். குழாய்க்குள்ள எருமை கத்தற மாதிரி ஒரு சத்தம். ஆத்துத் தண்ணி அந்தக் குழாய் வழியா உள்ள வந்துட்டிருக்கு, நாங்க ரெண்டு பேரும் கதவ நல்லா சாத்திட்டு நிக்கிறோம்."

"எனக்குத்தான் புரிஞ்சுது," என்றாள் செல்சா. "என்ன கதவுடா மூடினன்னு கேட்டேன். இந்தக் கதவுன்னான். நான் எழுதினத நானே திட்டிக்கிட்டு, மேசைய நகத்தி, வெளிய ஓடி, ரெண்டு பேருமா மதகோட சக்கரத்தத் திருகினோம். கை பாரு."

உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

மதகை மூடிய பிறகு மீதி வரிசை ஒழுங்காக நடந்திருக்கிறது. டெர்லிஸ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தாமரையை அறுத்தான். செல்சா படித்துச் சொல்லச் சொல்லப் பம்பைக் கிளப்பினான். பம்பு பிழைத்தது. ஆனால் அந்தக் கதவுக் குழப்பத்தில் உள்ளே வந்த ஆற்று நீர் கீழத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் புகுந்த வீடுகளில் செல்சாவுடையதும் ஒன்று.

சுனில்தா பென் டிரைவைச் சொருகித் திருத்திய பொதியை நிறுவினாள். இரண்டு தடவை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். உதவியைத் திறந்தாள். இரண்டு தலைப்புகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. டெர்லிஸ் குனிந்து பார்த்துவிட்டு, நேற்றைக்கு இது இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் மாத்தே காய்ச்சப் போய்விட்டான்.

செல்சா திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம். கையில எடுத்தேன்."

"என்கிட்ட பேச அவ்வளவு பயமா?"

"பயமில்ல. கோபம்." சுனில்தாவுக்குத் தன் குரலே யாருடையதோ போல இருந்தது. "கால்ல சக்கரம்னு சொன்னியே. அத்தன பேர் முன்னாடி."

"சொன்னேன்." செல்சா வாளியிலிருந்து எழுந்தாள். "உன் கோபத்துக்கு என் வீட்டுக்குள்ள தண்ணி வரணுமா? என் வீடு போகட்டும், பக்கத்து வீட்டு ப்ளாசிதா என்ன பண்ணினா? அவ பிரிட்ஜ் மிதக்குது."

சுனில்தா நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றாள். வெளியே போய்விடலாமா என்று இருந்தது. அப்படிப் போனால் செல்சா சொன்னது உண்மையாகிவிடும் என்றும் இருந்தது. போகவில்லை.

செல்சா தோலுரிந்த கையை ஊதிக்கொண்டாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சனிக்கிழமை உன் மெயில் வந்துது. கரண்ட் போறதுக்கு முன்னாடி. பேரப் பாத்தேன். திறக்கல."

மாத்தே டப்பா கொதித்துத் தகரத்தின்மேல் சிந்தியது. டெர்லிஸ் அதைத் துடைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தான்.

"திறந்திருந்தா?" என்றாள் சுனில்தா.

"மாத்துடின்னு ஒரு வார்த்த எழுதியிருப்பேன். நீ அப்பவே அனுப்பியிருப்ப. இணைப்பு அப்ப இருந்துது." செல்சா மூக்கை உறிஞ்சினாள். "அதனாலதான் சொல்றேன். இல்லன்னா சொல்லியிருக்க மாட்டேன்."

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கையேட்டில் கதவு என்று வருகிற இடமெல்லாம் என்ன போடுவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். ஸ்பானிஷ் சொல்லையே போட்டுவிடு என்றான் டெர்லிஸ். அதற்கு நான் எதற்கு எழுதினேன் என்றாள் செல்சா. ஆற்றுக் கதவு என்று வைக்கலாம் என்றாள் சுனில்தா. கவிதை மாதிரி இருக்கிறது, பிரயோஜனமில்லை என்று செல்சா முகம் சுளித்தாள். கடைசியில் 'சக்கரம் வைத்த இரும்புக் கதவு, கரைக்கு வெளியே' என்று எழுதினார்கள். செல்சா சொல்ல, சுனில்தா அடித்தாள். ஒரு இடத்தில் அவள் தானாக ஒரு எழுத்தைத் திருத்தப் போனபோது, கேட்டுட்டு மாத்து என்று செல்சா அவள் மணிக்கட்டில் தட்டினாள்.

மதியம் இரண்டு பேரும் கீழத் தெருவுக்குப் போனார்கள். வீட்டுக்குள் தண்ணீர் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. சுவரில் இடுப்புயரத்துக்குப் பழுப்புக் கோடு. சுனில்தா கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சோபா, அதையே இன்னும் வைத்திருந்தார்கள், ஊறிப் பொதிமாடு போல உப்பிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டார்கள். மெத்தையை மாடிப்படி வழியாக மேலே ஏற்றும்போது அது வளைந்து இருவரையும் சுவரோடு அழுத்தியது. செல்சா கெட்ட வார்த்தையில் திட்டினாள், மெத்தையையா சுனில்தாவையா என்று தெரியவில்லை. துடைப்பத்தால் சேற்றைத் தள்ளத் தள்ள மறுபடி வந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே கரையின் புல் படுத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் ஆறு, கண்ணுக்குத் தெரியாமல் இவர்கள் தலைக்கு மேலான உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. சுனில்தா நான்கைந்து தடவை வெளியே போய்க் கரைமேல் ஏறி அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐந்தாவது தடவை இறங்கி வரும்போது பக்கத்து வீட்டு ப்ளாசிதா தன் வாசலில் நின்றிருந்தாள். பிரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நனைந்த துணிகளை உலர்த்தியிருந்தாள். சுனில்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துதான் இருக்கும். இருந்தாலும் செல்சாவைப் பார்த்துக் கேட்டாள்.

"யாரு இது?"

செல்சா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். அண்ணனின் பழைய பெண்டாட்டி என்று சொல்வாள் என்று சுனில்தா காத்திருந்தாள்.

"பம்பு பெட்டிக்குள்ள புத்தகம் வெக்கிறவ," என்றாள் செல்சா. "அசுன்சியோன்லேருந்து. உன் பிரிட்ஜப் பத்தி அவகிட்டயே சொல்லு. திட்டறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு."

ப்ளாசிதா சொன்னாள். விலாவாரியாகச் சொன்னாள், ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன இருந்தது என்பதுவரை. சுனில்தா அந்த வாசலில், வெளியே தூறல் மறுபடி வலுக்கிறதா என்று ஒரு காது கொடுத்தபடி, கடைசிவரை நின்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளோடு உள்ளே போய்ச் சேறு வாரத் தொடங்கினாள்.